நாற்பத்திரண்டு குறைந்த வாரம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை யாழினி தொலைபேசி எடுத்தாள். மாவட்டத்தின் போக்குவரத்துத் திட்டமிடல் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஜேர்மனியில் எங்கள் சின்ன ஊரில் வளர்ந்த பிள்ளை. அவளுடைய தாய் மகேஸ்வரி அக்கா குடும்பத்தோடு டுசல்டோர்ஃப் பக்கம் போய் வெகுகாலமாகிவிட்டது.

"மாமா, எங்கட ஊர் ரயில் லைனை மூட முதல் ஒரு கிழமை ஆக்களை எண்ணினீங்கள் எல்லே. அந்தத் தாள் உங்களிட்டை இருக்கோ? எங்கட ஒபிஸ்ல மொத்தக் கணக்கு மட்டும்தான் கிடக்கு. நாள் நாளாப் பிரிச்சது வேணும்."

"இப்ப என்னத்துக்கு?"

"லைனைத் திரும்பத் திறக்கலாமோ எண்டு பாக்கினம். மாவட்டச் சபைக்கு அறிக்கை எழுதுறது நான்தான்."

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அது பொய். தேட ஒன்றுமில்லை. ஏழு தாள்களும் அலுமாரியின் இரண்டாவது இழுப்பறையில், நீல உறைக்குள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். அன்று எடுத்துவிட்டு வைக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைத் தாளில் ஓரிடம் எழுதப்படாமல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது வயது இருபத்தொன்பது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தவன். அகதி வழக்கு முடிய இரண்டு வருடமும் நான்கு மாதமும் எடுத்தது. அதன் பிறகு ரயில்வேயில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி. வகுப்பில் பதினெட்டுப் பேர், நான்தான் மூத்தவன். மற்றவர்கள் என்னை முதலில் ஆசிரியர் என்று நினைத்தார்கள். பயிற்சி முடிந்ததும், கிளைப்பாதை ஒன்றின் கடைசி நிலையத்துக்கு முந்திய நிலையத்தில் ரயில்களை அனுப்புகிற வேலை கிடைத்தது. சமிக்ஞைகளை இழுப்பது, வீதிக் கடவையின் கேட்டை மூடுவது, ரயில் பதிவுப் புத்தகம் எழுதுவது எல்லாம் நான்தான். யாருக்கும் அந்த இடம் வேண்டாம். எனக்கு அது போதுமாயிருந்தது.

எங்கள் ஊரில் பார்க்க மூன்று விஷயங்கள் இருந்தன. மரச் சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், செங்கல் நிலையம், ஆற்றுக்கு மேலே ஏழு வளைவுள்ள கல்பாலம். முதலாவதைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டாவதில் வந்து இறங்குவார்கள். மூன்றாவதின் மேலாக வருவார்கள்.

நிலையத்துக்குப் பொறுப்பு ஹெர் லோமன். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர், ஒல்லி, உயரம். ஒவ்வொரு ரயிலும் வரும் முன்பு சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டுவார். ரயில் போன பிறகு கழற்றுவார். ஒரு நாளில் முப்பத்திரண்டு ரயில். நான் ஒரு முறை எண்ணிச் சொன்னேன்: வேலை நேரத்தில் மட்டும் நாளுக்கு இருபத்தொரு தடவை அந்தப் பொத்தானைப் பூட்டுகிறீர்கள். அவர் யோசித்துவிட்டு, "அதுதான் வருடத்துக்கு இரண்டு பொத்தான் போகிறது" என்றார்.

அவர் எனக்குச் சொல்லித் தந்தவை அதிகமில்லை. ரயில் நிலையத்தைக் கடக்கும்போது அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைசிப் பெட்டியில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு தகடுகள் இருக்கும். அவற்றைக் கண்ணால் கண்டால்தான் ரயில் முழுதாக வந்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகுதான் பின்னால் வரும் ரயிலுக்குப் பாதை கொடுக்கலாம். முன்னுக்கு யார் கை காட்டினாலும், கேட்டில் யார் ஹோன் அடித்தாலும், கண் கடைசிப் பெட்டியில் இருக்க வேண்டும். புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. பிழையென்றால் அடிமட்டம் வைத்து ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முதல் எழுதியது வாசிக்கத் தெரிய வேண்டும். இன்னொன்று அடிக்கடி சொல்வார்: "குணா, எண்ணியதை எழுது. நினைத்ததை எழுதாதே." குணரட்ணம் என்பது அவருடைய வாய்க்கு நீளம்.

எங்கள் ஊருக்கு அயர்லாந்தில் ஒரு சகோதர நகரம் உண்டு. மேற்குக் கரைப் பக்கம் உள்ள சின்ன ஊர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அங்கிருந்து ஒரு குழு வரும், எங்களவர்கள் அங்கே போவார்கள். லோமனுக்கு ஆங்கிலம் வராது. அதனால் ஜேர்மன்காரருக்கும் ஐரிஷ்காரருக்கும் நடுவில் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்தான் நின்றான். அந்தக் குழுவில் டோனல் என்று ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். வந்த முதல் நாளே மற்றவர்களை நகர மண்டப விருந்தில் விட்டுவிட்டு எங்கள் நிலையத்துக்கு வந்துவிட்டார். மேடை வாங்கில் உட்கார்ந்து நாலு ரயில் பார்த்தார். தங்கள் ஊரில் ரயில் நின்று முப்பது வருடத்துக்கு மேலாகிறது என்றார்.

"ஏன் நிறுத்தினார்கள் என்று கேள்" என்றார் லோமன்.

கேட்டேன். டோனல் சொன்னார்: "எண்ணினார்கள். ஒரு வாரம் ஆள் வைத்து எண்ணினார்கள். வைக்கோல் வெட்டுகிற வாரம். வெயில் எறிக்கிற ஒரே வாரம். ஊர் முழுக்க வயலில் நின்றது. ரயிலில் பாதிரியாரும் இரண்டு கன்றுக்குட்டியும்தான்."

மொழிபெயர்த்தேன். லோமன் சிரிக்கவில்லை. "கன்றுக்குட்டியை எண்ணினார்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் டோனல். "பாதிரியாரையும் எண்ணவில்லை. அவருக்கு இலவசப் பாஸ்."

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பாதைக்கும் அது வந்தது. மாவட்டத்தின் கடிதம் ஒன்றரைப் பக்கம். ஏழு நாள் எண்ணுவார்கள். எங்கள் நிலையத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சேர்த்து ஏழு நாளில் இரண்டாயிரத்து நூறு வர வேண்டும். வந்தால் பாதைக்குப் பத்து வருட ஒப்பந்தம். வராவிட்டால் பேருந்து. எந்த வாரம் என்பதை, மாவட்டம் தந்த நான்கு வாரங்களுக்குள் நிலையமே தேர்ந்தெடுக்கலாம்.

லோமன் அந்த நான்கு வாரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். டோனலின் வைக்கோல் அவருடைய தலைக்குள் இருந்தது. முதல் வாரம் பள்ளி விடுமுறையைத் தொட்டது. இரண்டாவதில் சர்க்கரைத் தொழிற்சாலை திருத்த வேலைக்காக மூடியிருக்கும். நான்காவதில் ஆற்றங்கரைத் திருவிழா, ஆனால் மழை வந்தால் ஒருவரும் வரார். மூன்றாவது வாரத்தில் சந்தை உண்டு, பள்ளி உண்டு, தொழிற்சாலை உண்டு. பதினொரு நாள் யோசித்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். நான் முந்திய வருடத்துப் பயணச்சீட்டுக் கணக்கை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஐம்பது மேலதிகமாக வரும் என்று சொன்னேன். "ஏறக்குறைய என்று புத்தகத்தில் எழுத இடமில்லை" என்றார். ஆனால் சந்தோஷப்பட்டார். அன்று பொத்தானைக் கழற்ற மறந்துவிட்டார்.

இனி எங்கள் ஆட்களைப் பற்றி. அந்த நாட்களில் எங்கள் ஊரிலும் பக்கத்துக் கிராமத்திலும் ஒன்பது தமிழ்க் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் நாலு பன்னிரண்டு ரயிலில் கோயிலுக்குப் போவார்கள். மகேஸ்வரி அக்காதான் தலைமை. பிள்ளைகளோடு பத்தொன்பது பேர். கோயில் பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. அவர்களில் நாலு பேருக்கு வழக்கு முடியவில்லை. வழக்கு முடியாதவர்கள் கடிதம் இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கடிதத்துக்கு மாவட்ட அலுவலகத்தில் அந்த்ராக், அதாவது விண்ணப்பம், போட்டால் டெர்மின் என்கிற சந்திப்பு நாள் கிடைக்க ஆறு கிழமை. கோயிலுக்கு ஒவ்வொரு வெள்ளியும் போக வேண்டும். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. எனக்கும் தெரியும்.

எண்ணிக்கை வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை, தேவாலய மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மாரிடம் நான் சொன்னேன். நான் கேட்கப்படாமல் சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டும்.

"வாற கிழமை ஸ்ரேசன்ல மஞ்சள் அங்கி போட்டு ரண்டு பேர் நிப்பினம். ஆக்களை எண்ணத்தான் வருகினம். ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. ரிக்கற்றை மட்டும் ஒழுங்கா வைச்சிருங்கோ."

"ஆர் அனுப்பினவை, அண்ணை?" என்று மகேஸ்வரி அக்கா கேட்டா.

"மாவட்டம்."

"பேரும் எழுதுவினமோ?"

"சீ, பேர் எழுதமாட்டினம். தலையை எண்ணுறது மட்டும்."

"உங்களுக்கென்ன குணம் அண்ணை, எண்ண ஆள் கிடைச்சால் உங்களுக்குச் சோறும் வேண்டாம்" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பில் வரிசையாக நிற்க வைத்து எண்ணப்பட்டவர்கள் என்பதை நான் எண்ணவில்லை. நானே இரண்டு முறை அப்படி நின்றவன். தலையை மட்டும்தான் எண்ணுவார்கள் என்று சொன்னால் எங்கள் சனத்துக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயப்பிடாதேங்கோ என்று நான் சொல்லாமல் விட்டிருந்தால் அவர்கள் பயந்திருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு இருபது ரயிலுக்கு, மருத்துவமனைச் சலவைக்கு வேலைக்குப் போகிற எங்கள் பெண்கள் மூன்று பேரும் வரவில்லை. வேலை நேரம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. மேடையின் இரண்டு முனையிலும் மஞ்சள் அங்கிக்காரர் நின்றார்கள், நடுவில் நான் கையில் அழுத்தி எண்ணுகிற கருவியோடு. எண்ணுகிற எங்கள் மூன்று பேருடைய கணக்கும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒத்துப்போனது. அந்தத் திருப்தியில் இருந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நாலு பன்னிரண்டு. கேட்டை மூடினேன். கேட் மேடையின் முடிவோடு ஒட்டி இருந்தது. ரயில் வந்து நின்றது. பத்தொன்பது பேர் வரவில்லை. பட்டுச் சேலை இல்லை, அர்ச்சனைப் பை இல்லை, ஓடித் திரிகிற பிள்ளைகள் இல்லை. ஏறியவர்கள் எட்டு. நான் வீதியைப் பார்த்தேன். கேட்டில் நாலு வாகனங்கள் நின்றன. ரயில் புறப்பட்டது. விதிப்படி திரும்பிக் கடைசிப் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு வெள்ளைத் தகடுகள் இரண்டும் இருந்தன. ரயில் முழுது என்று எழுதினேன். பேனா கையில் இருக்கும்போதே விளங்கியது: சனிக்கிழமை நான் சொன்னதால்தான் அவர்கள் வரவில்லை.

ஒவ்வொரு நாள் தாளின் கீழும் ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. வழமைக்கு மாறாக ஏதும் இருந்தால் அதில் எழுத வேண்டும். தொழிற்சாலை மூடல், வீதித் தடை, பனி. மாவட்டம் அந்தக் குறிப்பை வைத்து ஒரு நாளை மறுபடி எண்ணலாம். கடிதத்தில் அப்படி இருந்தது. 'வழமையாகப் போகும் ஒரு குழு இன்று வரவில்லை' என்று எழுதியிருக்கலாம். எழுதினால் கேட்பார்கள்: எந்தக் குழு, எங்கே போகிறது, ஏன் வரவில்லை. அந்தக் கேள்விகளின் முடிவில் நாலு பேருடைய பெயர் இருந்தது.

மாலையில் லோமன் தாளைப் பார்வையிட வந்தார். கணக்கைத் தன் பென்சிலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். வெள்ளியின் கணக்குக் குறைந்திருப்பது அவருக்கு உடனே தெரிந்தது.

"குறிப்பு ஏதும் உண்டா?"

"இல்லை, ஹெர் லோமன்."

"எண்ணியது சரியா?"

"சரி."

அவர் மேலதிகாரிக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலில் வருகிற பதினொரு பேரும் வரவில்லை. ஞாயிறு முடியக் கூட்டினோம். இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டு. நாற்பத்திரண்டு குறைவு.

அன்று வீட்டுக்குப் போய் நான் மற்றதையும் கூட்டினேன். சலவைக்குப் போகிற மூன்று பேர், ஐந்து நாள், போக வர முப்பது. கோயிலுக்குப் பத்தொன்பது பேர், போக வர முப்பத்தெட்டு. வகுப்புக்குப் பதினொரு பேர், இருபத்திரண்டு. மொத்தம் தொண்ணூறு. அவர்கள் வந்திருந்தால் நாற்பத்தெட்டு மேலதிகம். நான் லோமனுக்குச் சொன்ன அந்த ஏறக்குறைய ஐம்பது.

மனைவி கேட்டா: "மகேஸ் அக்காவிட்டைப் போய்ச் சொல்லுவமே?"

"என்னத்தைச் சொல்லுறது? உங்களாலதான் லைன் மூடுது எண்டோ?"

நான் சொல்லவில்லை. கடைசி ரயில் அடுத்த கோடையில் ஓடியது. நகர வாத்தியக் குழு வந்து வாசித்தது. லோமன் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றார். கடைசிப் பெட்டி பாலத்தின் ஏழாவது வளைவைத் தாண்டும் வரை பார்த்தார். உள்ளே வந்து புத்தகத்தில் நேரத்தை எழுதினார். அதன் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தார்.

பேருந்து நாளுக்கு ஐந்து தடவை வந்தது, ஞாயிறு இல்லை. காலை ஆறு இருபதுக்கு எதுவும் இல்லாததால் சலவை வேலை மூன்று பேருக்கும் போனது. மூன்று வருடத்துக்குள் ஒன்பது குடும்பத்தில் ஏழு ஊரை விட்டுப் போய்விட்டன, மகேஸ்வரி அக்காவும்தான். போகும்போது, "பஸ்ஸை நம்பி இருக்க ஏலாது, அண்ணை. எங்கட லைனைப் பாவியள் மூடிப்போட்டாங்கள்" என்றா. நான் தலையாட்டினேன். என்னைப் பெரிய சந்திப்பு ஒன்றுக்கு மாற்றினார்கள். பதினேழு வருடம் திரைக்கு முன்னால் இருந்தேன். திரையில் ரயில் ஒரு சிவப்புக் கோடு. கடைசிப் பெட்டியை இயந்திரம் எண்ணிக்கொள்ளும்.

லோமன் ஓய்வுபெற்று, மனைவி இறந்து, முதியோர் இல்லத்துக்குப் போனார். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு பார்க்கப் போவேன். ரயிலைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் நான் போக எழும்பும் நேரம் சில நாள் சொல்லுவார்: "நான்காவது வாரத்தை எடுத்திருக்கலாம், குணா. மழை பெய்யவில்லை. நான் பார்த்து வைத்திருக்கிறேன், ஒரு துளி பெய்யவில்லை." என் கணக்கில் பதினாலு முறை சொன்னார்.

அந்த நாலு பேருக்கும் வழக்கு முடிந்து கையில் பாஸ்போட் வந்துவிட்டது. அதன் பிறகு சொல்வதில் யாருக்கும் ஆபத்தில்லை. அதற்குப் பிறகு மட்டும் லோமன் அதை ஒன்பது முறை சொன்னார். ஒன்பது முறையும் நான், "நீங்கள் எடுத்த வாரம் சரியானதுதான், ஹெர் லோமன்" என்றேன். அவர், "எண்ணிக்கை அப்படிச் சொல்லவில்லையே" என்பார். பிறகு என் மேலங்கியை எடுத்துத் தருவார். ஒரு பெப்ரவரியில் போய்விட்டார். அடக்கத்துக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற வருடம் நகரக் குழுவோடு அயர்லாந்துக்குப் போனேன். டோனல் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகள் ஊரைச் சுற்றிக் காட்டினா. நிலையம் நல்ல கருங்கல் கட்டடம், இப்போது நூலகம். மேடை தொண்ணூற்றாறு அடி எடுத்து வைக்கிற நீளம், பூச்சட்டி வைத்திருக்கிறார்கள். வாசலில் ஊரின் சரித்திரம் எழுதிய பலகை: மடாலயம், சந்தை, துறைமுகம், ரயில். வரைபடத்தில் ரயில் பாதை புள்ளி புள்ளியாக இருந்தது. பெருநகரத்துக்குப் போகப் பலகைக்குப் பக்கத்திலேயே பேருந்து நிற்கிறது, இரண்டே முக்கால் மணி நேரம். வைக்கோல் வாரக் கதை பலகையில் இல்லை. மகளிடம் கேட்டேன். "அப்பா அதை எல்லோருக்கும் சொல்லுவார்" என்றா. அந்த மனிதர் எல்லோருக்கும் சொன்னார். நான் அங்கே மழைக்குள் நின்று அதைத்தான் நினைத்தேன்.

யாழினி சென்ற சனிக்கிழமை வந்தாள். ஏழு தாளையும் மேசையில் பரப்பினேன். வெள்ளியில் அவளுடைய விரல் நின்றது.

"மாமா, நாலு பன்னிரண்டுக்கு எட்டுப் பேர் எண்டு கிடக்கு. நாங்களே பத்தொன்பது பேர் எல்லே."

"ஓம்."

"அண்டைக்கு நாங்கள் வான்ல போனனாங்கள்" என்றாள். "எனக்கு ஏழு வயசு. ரண்டு வான் பிடிச்சது. நீங்கள் மூடின கேட்டிலைதான் நிண்டனாங்கள். வெள்ளை வான். நான் உங்களைக் கண்டு கையைத் தூக்கினன். அம்மா கையைப் பிடிச்சு அமத்திப்போட்டா. 'அண்ணை எண்ணிக்கொண்டு நிக்கிறார், பாக்காதை' எண்டா."

நாலு வாகனங்கள். எண்ணியிருந்தேன். உள்ளே யாரென்று பார்க்கவில்லை, ரயிலின் கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதை நான் சொன்னேன். தேவாலய மண்டபம், தலையை மட்டும் எண்ணுவினம் என்றது, தொண்ணூறு, லோமனின் பதினாலு முறை.

"அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்லை."

"சொல்லவேண்டாம், மாமா. அவவுக்கு இப்ப உடம்புக்கு ஏலாது." வெள்ளித் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "ஆனா அறிக்கைக்கு இது வேணும். அந்தக் கிழமைக் கணக்கு ஊரின்ரை கணக்கு இல்லை எண்டு நான் காட்டவேணும். குறிப்பு எண்டு இடம் விட்டுக் கிடக்கு. எழுதித் தாங்கோ. ஒருத்தற்றை பேரும் வேண்டாம். இண்டைய திகதியைப் போடுங்கோ."

"திறப்பினமோ?"

"தெரியேல்லை. சும்மா நம்பிக்கை தரமாட்டன்."

அவள் போன பிறகு கறுப்புப் பேனாவை எடுத்தேன். 'இந்த வெள்ளியும் எண்ணிக்கை வாரம் முழுவதும், வழமையாகப் பயணம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் எண்ணிக்கைக்கு அஞ்சி ரயிலைத் தவிர்த்தன. தொண்ணூறு குறைவு. அவர்களுக்கு முன்கூட்டிச் சொன்னவன் நான். வாரத் தேர்வில் பிழை இல்லை.' ஜேர்மன் மொழியில் அது நாலு வரி. பெட்டி சரியாக நாலு வரிக்குத்தான் இருந்தது. இன்றைய திகதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அதற்குக் கீழே மேலதிகாரி பார்வையிட்டார் என்ற இடத்தில், அன்றைய திகதியோடு, லோமனின் கையெழுத்து இருக்கிறது.